மாமியாரின் முழங்காலும் விரல் இடுக்கும்

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் கிராமம் எங்களுடையது. நாற்று நடவு, களையெடுப்பு என்று நாற்பது வருஷம் சேற்றில் நின்றவர் என் மாமியார். அறுபத்தெட்டு வயதில் வலது முழங்கால் தேய்ந்து, கால் வளைந்தே போய்விட்டது. செயற்கை மூட்டு வைத்தால்தான் நடக்கலாம் என்றார் டாக்டர்.

"வாஜ்பாய்க்குப் பண்ணாங்களே, அதா?" என்று கேட்டார் அத்தை.

அதேதான். பிரதமராக இருந்தபோது 2000-ஆம் ஆண்டில் அவருக்கு மும்பையில் நடந்த ஆபரேஷன். அன்று அது பெரிய மனிதர்கள் சமாசாரம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்து, கோபால்ட் - குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அறிவித்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் அதை நினைத்துப் பார்க்கவே முடிந்தது.

ஆஸ்பத்திரியில் சேரப் போன அன்று டாக்டர் முழங்காலை விட்டுவிட்டு, கால்விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். சேற்றுப்புண்! "இது நல்லா ஆறட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் நாத்தனாருக்கு வந்ததே கோபம்! "முட்டியில ஆபரேஷன் பண்றதுக்கு விரல் இடுக்குல புண்ணு இருந்தா என்னவாம்?"

அங்கிருந்த நர்ஸ் அம்மாதான் பொறுமையாக விளக்கினார். எலும்பின் தேய்ந்த முனைகளைச் சீவிவிட்டு, உலோக மூடி போடுகிறார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. மூடி அசையாமல் நிற்க, பொடியும் திரவமும் கலந்து ஒரு சிமெண்ட் குழைக்கிறார்கள். அது எலும்பின் நுண்துளைகளில் இறங்கி, கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடுமாம். கொத்தனார் செங்கலுக்கு நடுவே வைக்கும் கலவை மாதிரிதான். அந்தச் சிமெண்டிலேயே கிருமிக்கொல்லி மருந்தைக் கலக்கும் வழக்கம் 1970-வாக்கில் ஜெர்மனியில் ஆரம்பித்ததாம்.

இவ்வளவு செய்தும் நூற்றில் ஒருவர், இருவருக்குச் சீழ் பிடித்துவிடுகிறது. எங்கோ ஒரு புண்ணிலுள்ள கிருமி ரத்தத்தோடு போய் உலோகத்தில் ஒட்டிக்கொண்டால், குளத்துப் படியில் பாசி படிகிற மாதிரி படிந்துவிடும். உலோகத்தில் ரத்த ஓட்டம் ஏது? விழுங்குகிற மாத்திரை அங்கே சரியாக எட்டுவதில்லை. மூட்டே ஆடிப்போகும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, மருந்துச் சிமெண்ட் வைத்துக் காத்திருந்து, மறுபடி புது மூட்டு! சர்க்கரை வியாதி இருந்தால் அபாயம் இன்னும் கூடுதல். அத்தைக்குச் சர்க்கரையும் உண்டு.

புண் ஆறி, சர்க்கரையும் கட்டுக்குள் வந்து, ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், தையல் ஓரத்தில் ஓரிடத்தில் ஈரம் கசிந்து கட்டுத்துணி நனைந்திருந்தது. காய்ச்சல் இல்லை. ஆனால் முந்தின நாளைவிட வலி அதிகம்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் பத்து போடு என்றார் ஒருவர். என் கொழுந்தனார் மருந்துக் கடையிலிருந்து மாத்திரையே வாங்கி வந்துவிட்டார். நான் இரண்டையும் தொடவிடவில்லை. "ஒரு மாத்திரைக்கு இத்தனை பிடிவாதமா அண்ணி?" என்று அவருக்கு வருத்தம்தான். வாடகைக் கார் பிடித்து, மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

மாத்திரை எதுவும் கொடுக்கவில்லையே என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். கொடுத்திருந்தால் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் மறைந்துகொள்ளுமாம். ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இருந்தது. மறுபடி திறந்து, கழுவி, பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றினார்கள். உள்ளே உலோகமும் சிமெண்டும் கெட்டியாகவே இருந்தன. சீக்கிரம் வந்ததால் மூட்டைக் கழற்றாமல் தப்பித்தோம் என்றார் டாக்டர். அப்புறம் வாரக்கணக்கில் ஊசியும் மாத்திரையும். அந்த நாட்களில் அத்தை என்னோடு சரியாகப் பேசவே இல்லை. மறுபடி கத்தி பட்ட கோபம், பாவம், யாரிடம்தான் காட்டுவார்?

இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். வயலுக்குப் போவதில்லை. காலில் செருப்பு, ராத்திரி படுக்கும் முன் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துவது, பித்தவெடிப்புக்குக் களிம்பு இதெல்லாம் பழகிவிட்டது. நீர்க்கடுப்பு வந்தால்கூட மறைக்காமல் சொல்லிவிடுகிறார். போன மாதம் வில்லியனூரில் பல் பிடுங்கப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே பல் டாக்டரிடம் சொன்னார்: "இரும்பு வெச்சிருக்கேன் சாமி, முட்டியில. எங்க பெரிய டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் கை வை!"