பாம்பென்று வெட்டுண்டது

கோதையாறும் பறளியாறும் வட்டமிட்டுச் சூழ்வதால் திருவட்டாறு என்று பெயர் பெற்றது நம் ஊர். ஓடைக்கும் சானலுக்கும் வாழைத்தோட்டத்து ஈரத்துக்கும் இங்கே குறைவில்லை. ஆயினும் நீரில் முட்டையிட வரும் சாலமாண்டர் என்னும் வாலுள்ள இருவாழ்வியை இங்கே தேடிப் பயனில்லை. நம் நாட்டில் அது டார்ஜிலிங் மலைகளிலும் வடகிழக்கிலுமே வாழ்கிறது. ஆனால் தவளைக்கும் சாலமாண்டருக்கும் உறவான மூன்றாவது குலம் ஒன்று தென்மலைகளின் அடிவாரத்து மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. சிசிலியன் என்பது அதன் பெயர். கால்கள் இல்லை, வாலும் இல்லையெனலாம், உடல் முழுதும் மண்புழுவைப் போல வளையங்கள்.

சென்ற இடவப்பாதி மழையின்போது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வாழைக்குத் தடம் வெட்டிக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற நம்மை அழைத்து, "ஃபாதர், இருதலைமூரி கிடந்தது. ஒரே வெட்டு" என்றார். குனிந்து பார்த்தோம். பாம்பின் செதில் புலப்படவில்லை. வழவழப்பான கரும்பழுப்பு முதுகு, பக்கத்தில் மஞ்சள் கோடு. வெட்டுண்ட உடலின் சுருளுக்குள், செபமாலை மணிகளைப் போல மெல்லிய இழையால் கோக்கப்பட்ட முட்டைகள் இருந்தன.

முதியவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. உயிர்களை வகைப்படுத்திய லின்னேயஸே 1758-இல் இதனைப் பாம்புகளோடுதான் சேர்த்து வைத்தார்! அவர் இட்ட பெயர் குருடு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. புனித செசிலியாவின் பெயருக்கும் அதுவே வேர் என்பர். நவம்பர் 22-இல் விழாக் கொண்டாடும் நம் பாடகர் குழுவினர் இதைக் கேட்டால் நம்மோடு பிணங்கக்கூடும். உண்மையில் இது முழுக்குருடும் அன்று. தோலுக்கடியில் உள்ள சிறு கண்கள் ஒளியையும் இருளையும் பிரித்தறியும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே நீளும் ஒரு சிறு உணர்கொம்பே மண்ணுக்குள் இதற்கு வழிகாட்டி. இத்தகைய உறுப்பு வேறெந்த இருவாழ்விக்கும் இல்லை.

நம் பகுதியில் காணும் இனங்களுள் ஒன்றன் பேரினப் பெயர் இக்தியோபிஸ். கிரேக்கத்தில் மீன்பாம்பு என்று பொருள். அப்பெயரின் பொருத்தத்தை 1880-களில் இலங்கையில் ஆராய்ந்த சாரசின் சகோதரர்கள் விளக்கினர். தாய் நீருக்கருகே ஈர மண்ணில் முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு காவலிருக்கும். முட்டைக்குள்ளேயே குஞ்சுக்கு இறகு போன்ற செவுள்கள் தோன்றிப் பின் மறையும். வெளிவந்த குஞ்சு ஓடையை நாடி, வால்துடுப்போடு மீனைப் போல நீந்தும். வளர்ந்து உருமாறியபின் துடுப்பும் செவுள்துளையும் மறைய, நுரையீரலாலும் தோலாலும் மூச்சுவிட்டு, மண்ணுக்குள் புகுந்துவிடும். மண்புழுவும் கறையானும் அதன் உணவு. நச்சுப்பல் கிடையாது.

இவற்றையெல்லாம் நாம் சொல்லி முடிக்கும்வரை முதியவர் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார். பிறகு சேம்பிலை ஒன்றைக் கிள்ளி, முட்டைகளை அள்ளிச் சென்று, ஓடைக்கரையில் குழி பறித்து வைத்து, ஈர மண்ணால் மூடினார். சுற்றிக் காவலிருக்கத் தாய் இல்லை. அவற்றுள் எத்தனை நீரை எட்டும் என்று சொல்வதற்கில்லை.