உதட்டோரக் கொப்புளம்

காலில் புண் வந்தால் கைலி மறைக்கும். தோளில் வந்தால் சட்டை மறைக்கும். உதட்டோரத்தில் வந்தாலோ, நாம் ஸலாம் சொல்ல வாய் திறக்கும்போதே எதிரில் நிற்பவரின் பார்வை அங்கே போய் நின்றுவிடுகிறது.

இந்தக் கொப்புளம் நமக்கு இளமை தொட்டே பழக்கமானது. காய்ச்சல் விட்டதும் வரும். கோடை வெயிலில் அலைந்தால் வரும். சில இரவுகள் உறக்கம் கெட்டாலும் வரும். 'உடம்புச் சூடு' என்று உம்மா மோர் கொடுப்பார்கள். பெரியவர்கள் 'அக்கி' என்று சொல்லிக் காவிமண் குழைத்து எழுதச் சொல்வார்கள். ஒரு வாரம், பத்து நாள்களில் புண் தானே ஆறிவிடுவதால் எழுதியவருக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடும்!

உண்மையில் இது ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸின் வேலை. ஒருமுறை உடலில் புகுந்துவிட்டால் முகத்து நரம்பின் வேரில் அது உறங்கிக் கிடக்கும். உடல் தளரும்போது விழித்து, நரம்பின் வழியே உதட்டுக்கு வரும். 'ஹெர்ப்பீஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நம் உறவில் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு இந்தச் சொல்லாலேயே சில நாள் தடைப்பட்டு நின்றது. ஒழுக்கத்தில் ஐயம் கொள்ள இதில் என்ன இருக்கிறது? உதட்டில் வரும் இவ்வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், பாசத்தோடு முத்தமிட்ட உறவினரிடமிருந்தே தொற்றுகிறது. 2020-ஆம் ஆண்டுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம், அதாவது மூவரில் இருவரிடம் இது உண்டு. பேசியவர்களின் உடலிலும் இது இருந்திருக்கக்கூடும் என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது?

இதற்கென வந்த மருந்துகளில் புகழ்பெற்றது அசைக்ளோவிர். இதை உருவாக்கிய ஆய்வுக்குழுவின் தலைவி கெர்ட்ரூட் எலியன் 1988-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இம்மருந்து செயல்படும் விதம் வியப்பானது. வைரஸ் புகுந்த உயிரணுவில், அந்த வைரஸின் நொதியே இதனை முதலில் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட மருந்து வைரஸ் பெருகாமல் தடுக்கிறது. தன் கையே தன் கண்ணைக் குத்திய கதைதான்!

ஆயினும் களிம்பிடம் அளவுக்கு மீறி எதிர்பார்த்தல் கூடாது. புண் ஆறும் காலத்தை அது அரை நாள் முதல் ஒரு நாள் வரையே குறைக்கும். மீண்டும் வராமல் தடுக்காது. கொப்புளம் வெளியே தெரியும்போது வைரஸ் தன் பெருக்கத்தைப் பெரும்பாலும் முடித்திருக்கும். ஆகவே உதட்டில் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றிய உடனே தடவத் தொடங்க வேண்டும். ஐந்து விழுக்காட்டுக் களிம்பை நாளுக்கு ஐந்து முறை, ஏறத்தாழ நான்கு மணிக்கு ஒரு முறை, நான்கைந்து நாள்கள் தடவுவது வழக்கம். நாம் பஜ்ரு, லுஹா, லுஹர், அஸர், இஷா என வேளை குறித்துக்கொண்டோம், ஒன்றும் தவறுவதில்லை. ஒளுச் செய்து, தனித் துண்டால் முகம் துடைத்த பின் தடவுகிறோம். தடவுமுன்னும் தடவிய பின்னும் கை கழுவ வேண்டும். அந்தக் கை கண்ணில் படலாகாது. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தாமாகத் தடவினால் நோய் முற்றக்கூடும். அடிக்கடி வருவோர்க்கும் கடுமையாக வருவோர்க்கும் மாத்திரைகள் உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கண் சிவந்து வலித்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

புண் ஆறும்வரை விருந்துகளில் சஹனில் அமராமல் தனித்தட்டில் உண்கிறோம். இதற்கு யாரும் வருந்தியதில்லை. வருத்தம் வந்தது பேரன் பிறந்தபோதுதான். உதட்டில் கொப்புளம் இருந்ததால் குழந்தையை முத்தமிட மறுத்து எட்டி நின்றோம். "சொந்தப் பேரனிடமே இப்படியா?" என்று சம்பந்தி வீட்டார் மனம் வாடினர். பெரியவர்க்குச் சிறு புண்ணான இது, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் மூளையையும் ஈரலையும் தாக்கி உயிரையே பறிக்கலாம் என்பதை அமைதியாக எடுத்துரைத்தோம். பின்னர் அவர்களே பிற விருந்தினரைத் தடுக்கத் தொடங்கினர்!

களிம்பு நமக்கு மிச்சப்படுத்துவது ஒரு நாள். புண்ணுள்ள உதட்டை விலக்கி வைக்கும் பண்போ ஒரு பச்சிளம் உயிரைக் காக்கும். புண்ணுக்கு வெட்கப்பட வேண்டாம்; முத்தத்தைச் சற்றுத் தள்ளி வைப்பதற்கும் வெட்கப்பட வேண்டாம்.