செட்டாக வாங்குவதா, அசெம்பிள் பண்ணுவதா?

2024 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே மகள் வயிற்றுப் பேரன் ஆரம்பித்துவிட்டான். "தாத்தா, கேம் விளையாடுற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும். ஆனா கடையில செட்டா வாங்க வேண்டாம். பார்ட்ஸ் வாங்கி நானே மாட்டிக்கறேன்."

மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். பணம் அனுப்புவது அவர்தான். அவர் ஒரே பிடியாக நின்றார். "நல்ல கம்பெனி பேர் போட்ட லேப்டாப்போ டெஸ்க்டாப்போ வாங்கட்டும் மாமா. நான் பக்கத்துல இல்லை. கெட்டுப் போனா யார் பார்ப்பாங்க? கம்பெனின்னா வீட்டுக்கே ஆள் வருவான்." மகளுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கேம் என்றாலே பணம் கட்டி ஆடும் ரம்மி என்று பயம். அதற்குத்தான் தமிழ்நாட்டில் 2022-ல் தனிச் சட்டமே வந்தது, இவன் கேட்பது கார் ஓட்டுகிற, கோட்டை கட்டுகிற விளையாட்டு என்று எடுத்துச் சொன்ன பிறகு கொஞ்சம் தணிந்தாள்.

கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். "நீங்களே முடிவு பண்ணுங்க."

நான் அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மேலே அனுப்பியவன். அதற்கு முன் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே தெகார்த் என்ற தத்துவ ஞானியைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். 1637-ல் அவர் எழுதிய நூலில் ஒரு விதி உண்டு. பெரிய சிக்கல் வந்தால் அதைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரி, ஒவ்வொன்றாகப் பார் என்பது அதன் சாரம். கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. பிரெஞ்சில் அதற்கு 'ஒர்தினாத்தர்' என்று பெயர், ஒழுங்கு செய்பவன் என்று பொருள். 1955-ல் ஐபிஎம் கம்பெனி கேட்டுக்கொண்டதால் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொன்ன பெயர் அது.

பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திருச்சியில் மூன்று கடை ஏறினேன். வீட்டுக்கு வந்து பெரிய தாளில் கோடு போட்டேன்.

முதலில் பார்ட்ஸ். ரைசன் 5 5600 பிராசஸர் 11,500. மதர்போர்டு 10,000. 16 ஜிபி ராம் 3,700. ஒரு டிபி எஸ்எஸ்டி 5,300. ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 29,500. பவர் சப்ளை 5,500. கேபினெட் 4,500. ஆக 70,000. கீபோர்டு, மவுஸ் 2,000. விண்டோஸ் தனியாக வாங்க வேண்டும். அசெம்பிள் பண்ணுகிறவர்கள் இதைக் கணக்கில் விட்டுவிடுவார்கள், நான் விடவில்லை. அதற்கு 9,000. மொத்தம் 81,000.

இதற்குச் சமமான கம்பெனி டெஸ்க்டாப் 98,000. மானிட்டரும் யூபிஎஸ்ஸும் இரண்டுக்குமே தனி. ஆக வித்தியாசம் 17,000.

லேப்டாப்பில் மானிட்டர் கூடவே வரும். விலை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் லேப்டாப்பில் இருப்பது அதே கார்டு அல்ல. சின்னப் பெட்டிக்குள் சூடு தாங்காது என்பதால் குறைந்த மின்சாரத்தில் ஓடும், வேகமும் குறையும். நம் ஊர் சித்திரை வெயிலில் அது என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு காரணத்துக்காக லேப்டாப் வாங்கலாம், பையன் ஹாஸ்டலுக்குப் போவதாக இருந்தால். இவனுக்கு திருச்சியிலேயே காலேஜ் கிடைத்துவிட்டது. தினமும் ஜீயபுரத்திலிருந்து போய் வரப் போகிறான். அந்தக் காரணம் அடிபட்டுப் போயிற்று.

அடுத்தது மாப்பிள்ளையின் கேள்வி, வாரண்டி. கம்பெனி டெஸ்க்டாப் என்றால் முழுப் பெட்டிக்கும் ஒரே வாரண்டி. அசெம்பிள் என்றால் ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி, பலவற்றுக்கு மூன்று வருஷம், சிலவற்றுக்கு அதற்கும் மேல். ஆனால் எந்தப் பார்ட் கெட்டது என்று நாம்தான் கண்டுபிடித்து, பில்லோடு கொண்டு போக வேண்டும். இது நிஜமான குறை, அப்படியே எழுதினேன்.

எதிர்ப்பக்கமும் எழுதினேன். சில கம்பெனிப் பெட்டிகளில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அவர்களுக்கென்றே தனி அளவில் இருக்கும், வெளியே வாங்கி மாற்ற முடியாது. பார்ட்ஸாக வாங்கினால் 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுதான், எந்த ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். 1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசியையே வெளியில் வாங்கிய பார்ட்ஸை வைத்துத்தான் செய்தது. அதனால்தான் மற்றவர்களும் அதேபோல் செய்ய முடிந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'அசெம்பிள்டு' என்ற சொல் நம் மக்கள் வாயில் புழங்கியதற்கு மூலம் அதுதான். நம் காலத்து சைக்கிளும் கடையில் மாட்டித்தானே வந்தது?

பட்டியலை மாப்பிள்ளைக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, கீழே ஒரு வரி எழுதினேன்: "நீங்கள் பக்கத்தில் இல்லை என்பதற்குத்தான் 17,000 கூடக் கேட்கிறார்கள். அதைப் பையனே பார்த்துக்கொள்வான் என்றால் அந்தப் பணம் மிச்சம்."

ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் ராத்திரி, "மாட்டும்போது வீடியோ கால் போடச் சொல்லுங்க மாமா" என்று வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் லீவு. கூடத்து மேஜையில் துணி விரித்து உட்கார்ந்தான். பிராசஸரின் மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினான். அமுக்கவே கூடாது, தானாக உட்கார வேண்டும். ராமை இரண்டாவது, நாலாவது பள்ளத்தில் போட்டான். ஸ்விட்சுக்குப் போகிற மெல்லிய ஒயர்கள்தான் உயிரை வாங்கின. நான் டார்ச் பிடித்தேன். போனுக்குள் இருந்து மாப்பிள்ளை, "அந்த ஸ்க்ரூவ ரொம்ப முறுக்காதடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றரை மணி நேரம். அப்பாவும் பிள்ளையும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கம்ப்யூட்டர் ஓடியது, திரையில் ஒன்றும் வரவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. பேரன் பிளக்கைப் பிடுங்கினான், ராமைக் கழற்றினான், ரப்பரால் அதன் பித்தளை நிற விளிம்பைத் துடைத்து மறுபடி அழுத்தினான். திரை வந்துவிட்டது. அன்று ராத்திரி போனில் மாப்பிள்ளை, "யார் வந்து பார்த்தாங்க?" என்று கேட்டார். "நான்தான்ப்பா" என்றான்.

உங்கள் வீட்டிலும் பேரன் பேத்தி கேட்டால் என் யோசனை இதுதான். வெளியூர் போகிற பிள்ளைக்கு லேப்டாப். கழற்றி மாட்ட ஆசை இல்லாத பிள்ளைக்கு கம்பெனிப் பெட்டி, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆசை இருக்கிற பிள்ளைக்கு பார்ட்ஸ், பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பில்களைப் பத்திரப்படுத்துங்கள். இங்கே அது என் பொறுப்பு. டேக் போட்ட ஃபைலில், தேதி வாரியாக, பீரோவில் இருக்கிறது.