மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்: முதல் ஒரு நாள் எப்படி இருக்கும்?

எனக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சு இன்னைக்கு எட்டாவது நாள். "ஆபரேஷன் முடிஞ்சதும் எப்படி இருக்கும் டாக்டர்?"னு என்கிட்ட நிறைய பேர் கேட்டிருக்காங்க. இத்தனை வருஷம் படிச்சதை வச்சு சொன்னேன். இப்போ பட்டதை வச்சு சொல்றேன். நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. எல்லாருக்கும் மார்பகத்தை முழுசா எடுக்கணும்னு இல்லை. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லைன்னு, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழு 20 வருஷம் பின்தொடர்ந்து 2002ல் முடிவு வெளியிட்டாங்க. எனக்கு ரெண்டு இடத்தில், தள்ளித் தள்ளி கட்டி. அதனால முழுசா எடுத்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தாங்க.

காலையில தாலியைக் கழற்றச் சொன்னாங்க. ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடுற கருவி பயன்படுத்துவாங்க, உடம்புல உலோகம் இருக்கக்கூடாது. எத்தனையோ பேஷண்ட்டுக்கு இதை ஒரே வரியில சொல்லியிருக்கேன். என் அம்மா பதில் பேசல. எங்கிருந்தோ ஒரு மஞ்சள் கயிறு வாங்கிட்டு வந்து கட்டிவிட்டாங்க. மயக்க டாக்டர் பார்த்துட்டு, "கயிறு இருக்கட்டும் மேடம்"னுட்டார்.

கண் முழிச்சதும் முதல்ல தெரிஞ்சது தொண்டை வலி. மூச்சுக்குழாய்ல ட்யூப் போட்டதால வர்றது, ரெண்டு நாள்ல போயிடும். அப்புறம் குளிர், நடுக்கம். ஒரு தடவை வாந்தி. மார்புல வலி நான் பயந்த அளவுக்கு இல்லீங்க. பெல்ட்டை இறுக்கிக் கட்டுன மாதிரி ஒரு பாரம், அவ்வளவுதான். ஆனா கையின் உள்பக்கம், அக்குள்கிட்ட மரத்துப் போச்சு. சுருட்டின துண்டை அக்குள்ல இடுக்கிட்டு இருக்கிற மாதிரியே இருந்தது. அந்த வழியா போற ஒரு தோல் நரம்பு பாதிக்கப்படுறதால வர்றது. சிலருக்கு மாசக்கணக்கில் இருக்கும்.

பக்கவாட்டுல ரெண்டு ட்யூப் தொங்கும். வீட்டுக்காரங்க அதிகம் பயப்படுறது இதைப் பார்த்துதான். உள்ளே நீர் கட்டாம வெளியே இழுக்கத்தான் அது. முதல் நாள் ரத்தச் சிவப்பா வரும், போகப் போக வெளிறி மஞ்சளாகும். 24 மணி நேரத்துல சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்துடுவாங்க. திடீர்னு புதுசா ரத்தமா நிறைஞ்சாலோ, மார்பு வீங்கினாலோ உடனே சொல்லணும். என் வீட்டுக்காரர் நோட்டு போட்டு அளவு எழுதினார். வீட்டு பால் கணக்கைக்கூட அவர் எழுதினதில்லை!

சாயங்காலமே எழுப்பி நடக்க வச்சாங்க. கால்ல ரத்தம் உறையாம இருக்க இது முக்கியம். சட்டுனு எழுந்திருக்காதீங்க. காலைத் தொங்கப்போட்டு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்திருங்க. மறுநாள் காலையில உள்ளங்கையை மூடித் திறக்கிற பயிற்சி, முழங்கை மடக்குறது. அப்புறம் அந்தக் கையாலயே தலை சீவச் சொன்னாங்க. கையை அசைக்காம வச்சிருந்தா தோள் இறுகிடும். நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில ஊசி, பிரஷர் பட்டை பொதுவா வேண்டாம்னு சொல்வோம். நைட் சிஸ்டர் மாறினப்போ நானே ஞாபகப்படுத்தினேன். நீங்களும் சொல்லுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பக்கத்து பெட் அக்கா கேட்டாங்க, "டாக்டரம்மா, உங்களுக்குமா?" அவங்களுக்கு கட்டி தெரிஞ்சு எட்டு மாசமாம். ஏன்கா வரலன்னு கேட்டேன். "வலிக்கலையேம்மா." இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அந்த வார்டுல இதைத் தெரியாம வந்தவங்கதான் அதிகம்னு நினைக்கிறேன்.

கட்டு மாத்தும்போது நான் குனிஞ்சு பார்த்தேன். தையல் சுத்தமா இருந்தது. டாக்டரா அதைத்தான் முதல்ல கவனிச்சேன். அழுகை வந்தது அன்னைக்கு ராத்திரி, ப்ளவுஸ் மடிச்சு வைக்கும்போது.

எடுத்த சதையோட பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் வரல. எத்தனை நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கு, அடுத்து என்ன சிகிச்சைங்கிறதெல்லாம் அது வந்தாத்தான் தெரியும். வந்ததும் எழுதறேன்.