கொல்லிமலைச் சாமைச் சோறு

கொல்லிமலைக்குப் போய்வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான். காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் எண்ணியிருக்கிறேன். ஆனால் வளைவுகளெல்லாம் முடிந்து, வெயில் தணிந்து, சோளக்காட்டுச் சந்தையில் இறங்கிய பிறகுதான் எனக்கு மலை தொடங்கும்.

அப்பா மிளகு வியாபாரம் பார்த்தவர். மேலே சில்வர் ஓக் மரங்களைப் பற்றிக் கொடி ஏறியிருக்கும்; அடியில் காப்பிச் செடிகள். தை, மாசியில் பறிப்பு. சந்தையில் மூட்டையைப் பிரித்ததும் அப்பா ஒரு கை அள்ளி, இரு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்து ஊதுவார். சொத்தை பறந்துவிடும். மிஞ்சியதில் ஒன்றை எடுத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் நன்றாகக் காய்ந்தது; பல்லில் நசுங்கினால் விலை பேசமாட்டார். சுற்றிலும் மலைவாழைத் தார்கள், அன்னாசி, பருவத்தில் பலா. அந்தக் கலவை மணம் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஊர்வரை வரும்.

மதியச் சாப்பாடு மிளகு கொடுப்பவர் வீட்டில். அங்கே குடியிருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர், பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று மலை முழுவதையும் நாடுகளாகத்தான் பிரித்துப் பேசுவார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வரும். அரிசியைவிடச் சிறிய பருக்கை; சூடாகக் குழம்பு ஊற்றினால் உடனே இழுத்துக்கொள்ளும். எத்தனையோ விருந்து சாப்பிட்டாயிற்று, அந்த ருசிக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று இந்த ஒரு மலையிலேயே பல ரகங்கள் உண்டு. பின்னாளில் சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கீழே ஜவ்வரிசி ஆலைகளில் கையில் காசு. சாமையோ உமி நீக்குவதற்குள் உயிர் போய்விடும். உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்துவது முழுக்கப் பெண்கள் தலையில்தான். சாமை போனதே என்று வருந்துகிறவர்கள் அந்த உலக்கையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வந்து ரகங்களைக் காப்பதோடு உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது, அதனால்தான் அதை மிகச் சரியான வேலை என்பேன்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் படிகள் இறங்குகின்றன. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுகிறது. அருவி கண்ணில் படுவதற்கு முன்பே சாரல் முகத்தில் அடிக்கும். இறங்குவது சுலபம், ஏறும்போது தொடை நடுங்கும். மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் படரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கடைக்கார அம்மா கத்தியால் ரோமத்தைச் சுரண்டி, உள்ளே தெரியும் இளம்பச்சையைத் துண்டுபோட்டு இடித்து, மிளகு சீரகத்தோடு கொதிக்கவிடுவார். "குடி கண்ணு, முட்டி வலி ஓடிப்போகும்" என்று டம்ளரை நீட்டுவார்.

ஆடிப் பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் என்று வன்பரணர் பாடிய வள்ளல் அவன். விழா நாட்களில் கூட்டம் தாங்காது. மலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களைப் புரட்டாசி, ஐப்பசியில் போகச் சொல்கிறேன். சாமை அறுப்பு நடக்கும். இன்னும் விதைக்கிற வீடுகள் இருக்கின்றன. விலை கேட்காமல் ஒரு படி வாங்கி வாருங்கள்.