சியோலில் சைடு டிஷ்

நம்மூரில் சைடு டிஷ் என்றால் ஊறுகாய், மிக்சர், சுண்டல். கொரியாக்காரர்கள் அதற்கு 'அன்ஜு' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். சியோலில் பல மதுக்கடைகளில் அன்ஜு எதுவும் சொல்லாமல் வெறுமனே குடித்துவிட்டு வர முடியாது. குடிக்காதவன் அங்கே என்ன செய்வான் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு இது ரொம்ப வசதி. (அம்மா, சத்தியமா சாப்பிட மட்டும்தான் போனேன்!)

முதலில் குவாங்ஜாங் சந்தை. ஊறவைத்த பாசிப்பருப்பைக் கல் எந்திரத்தில் அரைத்து, முளைப்பயறு, கிம்ச்சி கலந்து, எண்ணெய் மிதக்கச் சுட்டுத் தருகிறார்கள். பெயர் பின்தேத்தொக். நம்ம பெசரட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஓரமெல்லாம் மொறுமொறு. மாவில் பன்றி இறைச்சியும் சேர்ப்பதுண்டு, சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாயில் வைக்கவும். மழை வந்தால் நமக்கு பஜ்ஜி, டீ. அவர்களுக்கு வெங்காயத்தாள் போட்ட பாஜொன், கூடவே மக்கொல்லி என்ற அரிசிக் கள்.

உல்ஜிரோவில் கடல் நத்தை. மிளகாய்த்தூள், பூண்டு, வெங்காயத்தாள் போட்டுக் காரமாகப் பிசைந்தது. மெல்ல மெல்ல முடியவே முடியாது :-)

அங்கே தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ள மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் குடிக்க வேண்டும். என் சீனியர் எனக்கு 'சைடா' ஊற்றினார். நம்ம ஸ்பிரைட் மாதிரி வெறும் சோடாதான். இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைத் திருப்பிக் குடித்தேன். மேசையே சிரித்தது. ஏன் குடிக்கவில்லை என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை, இன்னொரு தட்டு நத்தைதான் வந்தது.