தூண்டில்

மார்கழியில் அம்பத்தூர் ஏரி நிறைந்து கிடக்கும். அண்ணன் தூண்டிலோடு கிளம்புவான். மண்புழு தோண்டித் தருவது நான். பன்னிரண்டு வயதுவரை அவனோடு கரையில் உட்கார விட்டார்கள். வயதுக்கு வந்த பிறகு ஏரி போயிற்று, மீன் கழுவுவது மட்டும் என்னிடம் மிஞ்சியது.

பனையேறிக் கெண்டையைக் கழுவிப் பார்த்தால் தெரியும். செவுள் மூடியின் ஓரமெல்லாம் முள். சாம்பல் தொட்டுப் பிடித்தாலும் கை கிழியும். தண்ணீரைவிட்டு எடுத்தும் மணிக்கணக்கில் சாகாது, காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது. 1791இல் தரங்கம்பாடியில் இந்த மீன் பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் எழுதிவைத்தார். மரமேறி நான் பார்த்ததில்லை. சட்டியிலிருந்து துள்ளி விழுந்து, செவுளை ஊன்றி ஊன்றி வாசற்படிவரை போனதைப் பார்த்திருக்கிறேன்.

"அதப் புடிடி, வெளிய போயிடப் போவுது" என்று அம்மா கத்துவாள். பிடித்து வருவேன்.

போன மார்கழியில், நாற்பத்தாறு வயதில், ஆவடிப் பக்கம் ஒரு குட்டையில் தூண்டில் போட்டு உட்கார்ந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் நின்று பார்த்தார்.

"வூட்டுக்காரரு வரலியாம்மா?"

தக்கை அமிழ்ந்தது. அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை.